லிட்டோரியாவை ‘முன்மாதிரி மாவட்டம்’ என்று கற்பிக்கும் பாடக்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பாடக்குழுவினருக்கு,

குரூப் 1 முதன்மைத் தேர்வுக்கு நீங்கள் வெளியிடும் உலக வரலாற்றுக் கையேட்டின் புதிய பதிப்பை என் மகள் படித்துக்கொண்டிருக்கிறாள். பழைய பதிப்பில் முசோலினியின் சாதனைகள் என்று அரைப் பக்கம் இருந்தது. அதிலுள்ள பிழைகளைக் குறிப்பிட்டு உங்களுக்கு எழுதினேன். தேர்வு நோக்கில் இவ்வளவு போதும் என்று ஒரு வரியில் பதில் வந்தது. சரி, போகட்டும் என்றுதான் இருந்தேன். புதிய பதிப்பில் அந்த அரைப் பக்கம் மூன்று பக்கமாக வளர்ந்திருக்கிறது. தலைப்பு, ‘லிட்டோரியா: ஒரு முன்மாதிரி மாவட்டம்’. இத்தாலியில் ரோமுக்குத் தெற்கே சதுப்பை வற்றவைத்து முசோலினி அரசு எழுப்பிய நகரமும் அதன் பெயரிலான மாவட்டமும்தான் லிட்டோரியா. சதுப்பு வற்றியது, மலேரியா ஒழிந்தது, ஏழைகளுக்கு வீடும் நிலமும் கிடைத்தது என்று எழுதிவிட்டு, முடிவில் 15 மதிப்பெண்ணுக்கு ஒரு மாதிரி வினாவும் போட்டிருக்கிறீர்கள். தேர்தல் அரசியலின் தலையீடு இல்லாத நிர்வாகம் வளர்ச்சியை விரைவுபடுத்தும் என்பதை லிட்டோரியாவைக் கொண்டு விளக்க வேண்டுமாம்.

நாளைக்குக் கோட்டாட்சியராகவும் டி.எஸ்.பி.யாகவும் நாற்காலியில் உட்காரப் போகிற பிள்ளைகள் இந்த விடையை எழுதி எழுதிப் பழகுகிறார்கள். இதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நான் வரலாற்று ஆசிரியன் இல்லை. மன்னார்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம். நீங்கள் எழுதியிருக்கும் அந்த மாவட்டத்தில், இன்று லத்தீனா என்று பெயர் மாறியிருக்கும் அதே மண்ணில், சபாவுதியா ஊருக்கு வெளியே பசுமைக்குடில்களில் பல வருடம் கூலி வேலை பார்த்தவன். அந்த வாய்க்கால்களின் கரையில் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போனவன். டெல்டாக்காரன் என்பதால் வடிகாலைப் பார்த்தால் அது யார் வெட்டியது, எப்போது வெட்டியது என்று கேட்காமல் இருக்க முடியாது. அப்படிக் கேட்கத் தொடங்கித்தான் அந்த ஊர் வரலாற்றைப் படித்தேன்.

முதலில் உங்கள் கையேட்டின் முதல் வரி. முசோலினி நேரில் வந்து லிட்டோரியாவுக்கு அடிக்கல் நாட்டினார் என்கிறீர்கள். நாட்டவில்லை. 1932 ஜூன் 30 அன்று அடிக்கல் விழாவை நடத்தியவர் முன்னாள் படைவீரர் நல அமைப்பின் ஆணையர் வாலென்டீனோ ஒர்சொலினி செஞ்செல்லி. முசோலினி அந்த விழாவுக்கே வரவில்லை. நகரங்கள் பெருகுவது அவருக்குப் பிடிக்காது. கிராமத்தானைக் கிராமத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. புது நகரம் என்று கொண்டாடுவதை முதலில் அவர் விரும்பவில்லை. வெளிநாட்டுப் பத்திரிகைகள் பாராட்டத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. டிசம்பர் 18 அன்று திறப்பு விழாவுக்கு அவரே வந்து, இதுவே நாம் விரும்பும் போர் என்று பேசினார். 1935-ல் செஞ்செல்லி பதவியிலிருந்து தூக்கப்பட்டார். பெயர் யாருக்குப் போக வேண்டுமோ அவருக்குப் போனது. நீங்களும் அதையே அச்சிட்டிருக்கிறீர்கள்.

அந்தச் சதுப்பு முசோலினி வரும்வரை யாரும் தொடாமல் கிடந்ததும் அல்ல. ரோமானியர் காலத்து அப்பியன் சாலை அதன் நடுவேதான் போகிறது. 16-ஆம் நூற்றாண்டில் போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ், 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் போப் ஆறாம் பயஸ் என்று பலர் வாய்க்கால் வெட்டிப் பார்த்தார்கள். பயஸ் வெட்டிய வாய்க்கால் இன்றும் அவர் பெயரில் ஓடுகிறது. கொசு வழியாக மனிதருக்கு மலேரியா பரவுகிறது என்று 1898-ல் காட்டியவர் இத்தாலிய விலங்கியலாளர் ஜொவான்னி பத்திஸ்தா கிராஸ்ஸி. அதற்கு முந்தைய வருடம் நம் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டவர் ரொனால்ட் ராஸ். 1900 முதல் இத்தாலிய அரசே கொய்னா மாத்திரை தயாரித்து மலிவாக விற்றது. பிறகு ஏழைத் தொழிலாளிகளுக்கு அது இலவசமாகவே கிடைக்கச் சட்டம் வந்தது. ஆஞ்செலோ செல்லி என்ற மருத்துவரும் அவர் மனைவி அன்னா ஃபிரன்ட்செலும் ரோமைச் சுற்றிய காய்ச்சல் காடுகளில் அலைந்து மருந்து கொடுத்தார்கள், கூலிகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். இத்தாலியில் ஒரு காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 15,000 பேரைக் கொன்ற மலேரியா, முதல் உலகப் போருக்கு முன்பே சில ஆயிரமாகக் குறைந்திருந்தது. நாடாளுமன்றமும் கட்சிச் சண்டையும் தேர்தலும் இருந்த காலத்தில் நடந்தது இது. உங்கள் மூன்று பக்கத்தில் இதற்கு ஒரு வரியும் இல்லை.

அங்கே ஆளில்லாத வெற்று நிலம் இருந்தது என்பதும் பாசிசப் பிரசாரத்தின் வாசகம்தான். லெப்பினி மலையடிவாரத்து ஆட்டிடையர்களும், மரம் வெட்டுவோரும், கரி சுடுவோரும் குளிர்காலத்தில் இறங்கி வந்து குடிசை போட்டு வாழ்ந்த காடு அது. காடு அழிந்தபோது அவர்கள் பிழைப்பும் அழிந்தது. கட்டிக் கொடுத்த வீடுகள் பெரும்பாலும் அவர்களுக்குப் போகவில்லை. வடக்கே வெனெட்டோ, ஃபிரியூலி, ஃபெர்ராரா பகுதிகளிலிருந்து ரயிலில் கொண்டுவந்த குடும்பங்களுக்குப் போயின. சுமார் 3,000 குடும்பங்கள். அதற்கு முன் சேற்றில் இறங்கி வாய்க்கால் வெட்டியவர்கள் இத்தாலி முழுவதிலிருந்தும் வந்த தினக்கூலிகள். அவர்கள் தங்கியது கொட்டகைகளில். காய்ச்சல் கண்டவர்கள் ஏராளம். வேலை முடிந்ததும் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். சினிமாப் படச்சுருளில் மார்பைத் திறந்துபோட்டுக் கதிரடித்த முசோலினி மட்டும் இன்றைக்கும் உங்கள் கையேட்டின் அட்டைப்படமாக இருக்கிறார்.

இனி மாவட்டத்துக்கு வருகிறேன். நீங்கள் புகழ்வது அதன் நிர்வாகத்தை அல்லவா?

லிட்டோரியா மாவட்டம் 1934 டிசம்பர் 18 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. ரோம் மாவட்டத்திலிருந்து வெட்டியெடுத்தார்கள். அதன் தெற்குப் பகுதியான கயேத்தா, ஃபோர்மியா, ஃபோந்தி ஊர்கள் ஏழு வருடம் முன்புவரை வேறு மாவட்டத்தில் இருந்தவை. அந்தப் பழைய மாவட்டத்தை, தெர்ரா தி லவோரோ என்பதை, 1927-ல் முசோலினி அரசு ஒரே ஆணையில் கலைத்துவிட்டது. மக்களைக் கேட்டா கலைத்தார்கள்? கேட்டா புதிதாக வரைந்தார்கள்? ஊரின் மேயரை மக்கள் தேர்ந்தெடுக்கும் முறை 1926-லேயே ஒழிந்திருந்தது. அவருக்குப் பதிலாக ‘பொடெஸ்டா’ என்று ஓர் ஆள், மேலிருந்து நியமனம். மாவட்டத்துக்கு ‘ப்ரிஃபெக்ட்’, அவரும் நியமனம். அவர் பக்கத்தில் பாசிசக் கட்சியின் மாவட்டச் செயலாளர், அவரும் நியமனம். நிலமும் வீடும் மாடும் ஏரும் முன்னாள் படைவீரர் நல அமைப்பின் கையில். அதன் ஆணையரும் நியமனம். இந்த மாவட்டம் பிறந்த நாள் முதல் பாசிசம் வீழும்வரை அங்கே யாரும் யாரையும் தேர்ந்தெடுத்ததே இல்லை. 1934 மார்ச்சில் நாடு முழுவதும் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஒரே பட்டியல், அதற்கு ஆம் அல்லது இல்லை. ஆம் சீட்டில் தேசியக் கொடியின் நிறங்கள் அச்சிட்டிருந்ததால் யார் எதைப் போட்டார்கள் என்று பார்ப்பதற்குக் கஷ்டமே இருக்கவில்லை. தலையீடு இல்லாத நிர்வாகம் என்று நீங்கள் சொல்வது இதைத்தான்.

குடியேறிய குடும்பங்களைப் பற்றி நான் சொல்வது ஏட்டுப் படிப்பு மட்டும் அல்ல. நாங்கள் சிலர் வாடகைக்கு இருந்தது அப்படி ஒரு குடியிருப்பு வீட்டின் பின்கட்டில். வீட்டுக்காரப் பாட்டி வெனெட்டோவிலிருந்து வந்த குடும்பத்தின் மகள். உண்மையைச் சொல்ல வேண்டும்: முசோலினியைப் பற்றி அவர் நல்லதாகத்தான் பேசுவார். சோளக்களி தவிர எதையும் பார்க்காதவர்களுக்குச் செங்கல் வீடும் மாட்டுக்கொட்டிலும் கிடைத்தது என்பார். அதை நான் மறுக்கவில்லை, உங்களையும் அதை அழிக்கச் சொல்லவில்லை. ஆனால் அதே வாயால் இன்னொன்றையும் சொல்வார். அவர் அப்பா காரியஸ்தரைக் கண்டால் நடுங்குவாராம். விளைச்சலில் பாதி அமைப்புக்கு. விதை, மாடு, கருவி எல்லாம் கணக்குப் புத்தகத்தில் கடனாக ஏறும். நிலம் ஒருநாள் சொந்தமாகும் என்பது வாக்குறுதி. அதுவரை ஏதாவது குறை சொல்லி வெளியேற்றிவிடலாம். இதற்கு நம் தஞ்சாவூர்ப் பக்கம் வாரம் என்று பெயர். நிலச்சுவான்தார் இருந்த இடத்தில் அரசு இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். நிலச்சுவான்தாரோடு ஒத்துவராவிட்டால் பக்கத்து ஊர் மிராசுவிடம் போகலாம். அரசோடு ஒத்துவராவிட்டால் எங்கே போவது? எங்கும் போக முடியாது. 1939-ல் வந்த சட்டப்படி, போகிற ஊரில் வேலை இருப்பதைக் காட்டாமல் பெரிய ஊர்களில் குடியேற அனுமதி கிடையாது. அந்தச் சட்டம் பாசிசம் போன பிறகும் 1961 வரை நீடித்தது.

வேலைநிறுத்தம்? 1926 முதல் அது சட்டப்படி குற்றம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2016 ஏப்ரல் 18 அன்று அந்த மாவட்டத்தின் இந்தியத் தொழிலாளிகள், பெரும்பாலும் பஞ்சாபிகள், ஆயிரக்கணக்கில் லத்தீனாவில் திரண்டு வேலைநிறுத்தம் செய்தோம். மணிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதில் பாதிகூடக் கைக்கு வராது. கங்காணிக்குத் தனிப் பங்கு. கேட்டால் மறுநாள் வேலை இல்லை. அன்று நாங்கள் கூடியது ப்ரிஃபெக்ட் அலுவலகத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தில். அது முசோலினி காலத்துக் கட்டடம். அது கட்டப்பட்ட காலத்தில் அப்படி நின்றிருந்தால் எங்களைத் தீவுக்கு அனுப்பியிருப்பார்கள். 2016-ல் தொழிற்சங்கம் பேசியது, பத்திரிகைகள் எழுதின, அந்த வருடமே கங்காணி முறைக்கு எதிரான சட்டமும் கடுமையானது. கொடுமை அதோடு நிற்கவில்லை என்பது தெரியும். 2024 ஜூனில் அதே மாவட்டத்தில் இயந்திரத்தில் கை துண்டான ஒரு பஞ்சாபித் தொழிலாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள், அவர் இறந்துவிட்டார். ஆனால் அதற்காகத் தெருவில் இறங்க முடிந்தது, வழக்குப் போட முடிந்தது. குரல் கொடுக்க வழி இருப்பதைத் தலையீடு என்று எழுதுகிறவர்களுக்கு அந்த மாவட்டத்தின் வயலில் ஒரு வாரம் வேலை கொடுத்துப் பார்க்கலாம்.

தீவு என்றேன். இன்று லத்தீனா மாவட்டத்தைச் சேர்ந்த பொன்சா, வென்டோடெனே தீவுகள்தான் அவை. பாசிச ஆட்சி எதிர்ப்பாளர்களைப் பெரும்பாலும் விசாரணையே இல்லாமல் அங்கே கொண்டுபோய் வைத்தது. பின்னாளில் இத்தாலியின் குடியரசுத் தலைவரான சாந்த்ரோ பெர்தீனி இரண்டு தீவுகளிலும் இருந்தார். பக்கத்திலுள்ள சாந்தோ ஸ்டெஃபானோ தீவின் சிறையிலும் அடைபட்டிருந்தார். 1947-ல் புதிய அரசியல் சட்டத்தில் அரசியல் நிர்ணய சபைத் தலைவராகக் கையெழுத்திட்ட உம்பெர்த்தோ தெர்ராச்சினியும் வென்டோடெனே கைதிதான். ஐக்கிய ஐரோப்பா வேண்டும் என்ற அறிக்கையை அல்தியேரோ ஸ்பினெல்லியும் எர்னெஸ்தோ ரோஸ்ஸியும் 1941-ல் எழுதியதும் அங்கேதான். 1943 ஜூலையில் பதவி பறிக்கப்பட்ட முசோலினியையும் சில நாள் பொன்சாவில்தான் காவலில் வைத்தார்கள். உலக வரலாறு படிக்கும் மாணவருக்கு இதைவிடச் சுவையான பகுதி வேறு எது? உங்கள் கையேட்டின் வரைபடத்தில் அந்தத் தீவுகளே இல்லை. கடல் நீலமாக இருக்கிறது.

இனி மலேரியா. உங்கள் கையேடு 1939-ல், ஐந்தாவது நகரமான பொமேசியா திறந்ததோடு முடிந்துவிடுகிறது. கதை அங்கே முடியவில்லை. 1935 டிசம்பர் 18 அன்று பொந்தீனியா நகரத்தைத் திறந்துவைத்தபோதே எத்தியோப்பியா மீதான படையெடுப்பு நடந்துகொண்டிருந்தது. அதே நாளில்தான் நாடெங்கும் பெண்கள் போர்ச் செலவுக்காகக் கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்கள். நாம் விரும்பும் போர் என்று நிலத்தைக் காட்டிப் பேசியதற்குச் சரியாக மூன்று வருடம் கழித்து. அந்தப் பாதைதான் ஹிட்லரோடு கூட்டணி வரை போனது. 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்ததும் ஜெர்மன் படை அந்தச் சமவெளியைக் கைப்பற்றியது. இறைப்பு நிலையங்களை நிறுத்தியது, கடல்நீரை உள்ளே விட்டது. உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரில் பெருகும் கொசுதான் அந்தப் பகுதியின் மலேரியாக் கொசு. இது நேச நாட்டுப் படையைத் தடுக்க மட்டும் செய்ததா, வேண்டுமென்றே நோயை ஏவியதா என்பதில் விவாதம் உண்டு. கொசுவியலாளர் எரிக் மார்ட்டினியின் ஆலோசனையோடு திட்டமிட்டுச் செய்தது என்கிறார் வரலாற்றாசிரியர் ஃபிராங்க் ஸ்நோடன். எப்படியிருந்தாலும் விளைவு ஒன்றுதான். சுமார் இரண்டரை லட்சம் பேர் வாழ்ந்த மாவட்டத்தில், அரசுக் கணக்குப்படி 1943-ல் 1,217 பேருக்கு மலேரியா. 1944-ல் 54,929 பேருக்கு. அந்த நேரம் முசோலினி வடக்கே ஜெர்மனியின் நிழலில் இன்னொரு அரசுக்குத் தலைவராக உட்கார்ந்திருந்தார். 1944 ஜனவரியில் பக்கத்துக் கடற்கரை ஊரான அன்ஸியோவில் நேச நாட்டுப் படை இறங்கியதும், சதுப்பை வடிக்க வெட்டிய முசோலினி கால்வாயே போர்முனையாகிவிட்டது. திறந்து ஏழு வருடம்கூட ஆகாத அப்ரீலியா என்ற புது நகரம் தரைமட்டமானது. எங்கள் வீட்டுக்காரப் பாட்டி அந்த வருடக் காய்ச்சலில் கிடந்த சிறுமி. ஒரு தம்பி பிழைக்கவில்லை என்பார். அதற்கு மேல் பேசமாட்டார்.

மலேரியா அங்கே நிரந்தரமாக ஒழிந்தது போருக்குப் பின். டி.டி.டி. அடித்து, வாய்க்கால்களை மறுபடி சீர்செய்து, மருத்துவர் ஆல்பெர்த்தோ மிஸ்ஸிரோலி வகுத்த திட்டப்படி சில வருடங்களில் அடக்கினார்கள். இத்தாலி மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1970-ல். ஓட்டுப் போட்டு அரசுகள் மாறி மாறி வந்த காலத்தில். (ரயில் நேரத்துக்கு ஓடியது என்ற பெட்டிச் செய்தியையும் விடாமல் சேர்த்திருக்கிறீர்கள். அதைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம்.)

அணைத்தும் இடித்தும் பேச வேண்டிய ஆட்சி அது என்று நீங்கள் பதில் சொல்லலாம். இத்தாலியர்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். லத்தீனாவில் ஒரு பூங்காவுக்கு மாஃபியாவால் கொல்லப்பட்ட நீதிபதிகள் ஃபால்கோனே, போர்செல்லினோ பெயர் இருக்கிறது. 2021-ல் ஒரு துணை அமைச்சர் அதை எடுத்துவிட்டு முசோலினியின் தம்பி அர்னால்டோவின் பழைய பெயரையே வைக்கலாம் என்றார். எதிர்ப்பு கிளம்பி அந்த மாதமே பதவி விலகினார். அங்கே பதவி போகிற பேச்சு, இங்கே 15 மதிப்பெண்.

நான் கேட்பது இவைதான்.

அந்த மாதிரி வினாவையும் அதற்கான விடைக்குறிப்பையும் கையேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். திருத்தி எழுத முடியாத வினா அது. முடிவை முன்பே சொல்லிவிட்டு ஆதாரம் கேட்கிறது. லிட்டோரியா பாடம் வேண்டும் என்றால் தாராளமாக இருக்கட்டும். ஆனால் 1926-ல் உள்ளாட்சித் தேர்தல் ஒழிந்தது, குடியேறிகளின் வாரச் சாகுபடி ஒப்பந்தம், பொன்சா - வென்டோடெனே தீவுகள், 1943-44 வெள்ளமும் காய்ச்சலும், போருக்குப் பிந்தைய மலேரியா ஒழிப்பு ஆகிய ஐந்தும் அதில் இடம்பெற வேண்டும். பாசிசத்துக்கு முந்தைய மருத்துவர்களுக்கு ஒரு பத்தியாவது கொடுங்கள். அடிக்கல் பற்றிய பிழையைத் திருத்துங்கள். நவீன ஐரோப்பிய வரலாறு கற்பிக்கும் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடம் அந்த அத்தியாயத்தைக் காட்டி, சரிபார்த்தவர் பெயரோடு வெளியிடுங்கள்.

புத்தகத்தை ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய மாணவர்களுக்குத் திருத்தப் பக்கங்களை இலவசமாக அனுப்புங்கள். இதே பாடத்தை நடத்தும் உங்கள் காணொளியையும் திருத்தம் வரும்வரை நிறுத்தி வையுங்கள். அடுத்த பேட்ச் வகுப்பு தொடங்குவதற்கு முன் உங்கள் முடிவை எழுத்தில், எல்லா மாணவர்களும் பார்க்கும்படி அறிவியுங்கள். இந்த முறை ஒரு வரிப் பதில் போதாது.

இப்படிக்கு,
உங்கள் மாணவி ஒருத்தியின் தந்தை,
மன்னார்குடி வட்டம்.